காலி பண்ணச் சொன்னார் கான்ட்ராக்டர்

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் பெங்களூரு தொம்மலூரில் வாடகைக்கு இருந்தோம். அம்மா போன பிறகு வேலூரில் தனியாக இருந்த அப்பாவை, நான்தான் பிடிவாதம் பிடித்து அழைத்து வந்தேன். பொண்ணு வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவதா என்று அவருக்கு ஒரே கூச்சம். கூடவே மார்கழிக் குளிர் வேறு. ரூம் வென்டிலேட்டரில் பேப்பரைத் திணித்து அடைத்தும், வேலூர் வெயிலிலேயே காலம் தள்ளிய மனுஷருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை தூக்கம் கெடக் கூடாதென்று வாயில் துண்டை வைத்துக்கொண்டு இருமுவார்.

அப்பா ரூமுக்கு ஒரு ஹீட்டர் போட்டுவிட நினைத்து, ஏ.சி., கீசர், ஹீட்டர் எல்லாம் மாட்டித் தரும் கான்ட்ராக்டர் ஒருவரை விசாரித்துப் பிடித்தேன். அப்பா வெளியே போயிருந்த நேரத்தில் அவர் வந்து ரூமைப் பார்த்துவிட்டுப் போனார். அப்பாவிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் "எனக்கெதுக்கும்மா வீண் செலவு" என்று தடுத்துவிடுவார்.

மறுநாள் காலையில் கான்ட்ராக்டரிடமிருந்து போன். பாதி தமிழ், பாதி கன்னடம். "இன்னிக்கே வந்து மாட்டிடறேன்மா. ஆனா அந்த ரூமுக்கு காலி பேக்கு." பேக்கு என்றால் வேணும். அது தெரியாதா எனக்கு? கன்னடத்தைக் கரைத்துக் குடித்தவள் மாதிரி, "ஆயித்து, ஆயித்து", அதாவது ஆகட்டும் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் கட்டில், மெத்தை, அப்பாவின் டிரங்குப் பெட்டி, கொடியில் கிடந்த வேட்டி வரைக்கும் ஹாலில் கொண்டுவந்து போட்டு, ரூமைச் சுத்தமாகக் காலி பண்ணினேன். அப்புறம் அக்கா வீட்டில் ஒரு வாய் காபி குடித்துவிட்டுத் திரும்பினேன்.

ஹாலில் அப்பா வேட்டிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை வந்ததும் ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கெளம்பறேன்மா. சாயங்காலம் ட்ரெயின் இருக்கு. நீ ஒண்ணும் சங்கடப்படாத" என்றார். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அழுகை முட்டியது, கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன்பா, நான் உன்னை அப்படி அனுப்புவேனா?" என்று கத்திவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கான்ட்ராக்டர் ஹீட்டர் பெட்டியோடு உள்ளே வந்தார். ஹாலைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, வீடு மாத்தறீங்களா?" என்றார்.

"நீங்கதானே ரூமைக் காலி பண்ணச் சொன்னீங்க?"

மனுஷர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சொன்னது காலி இல்லையாம், காளி. கன்னடத்தில் காற்று. அப்பா குளிருக்காக வென்டிலேட்டரில் பேப்பரைத் திணித்து அடைத்திருந்தாரே, அதை எடுக்கச் சொல்லியிருக்கிறார். மூடின ரூமில் ஹீட்டர் போட்டால் மூச்சு முட்டுமாம். போனில் என் காதில் விழுந்த லட்சணம் அப்படி.

அப்பா சிரிக்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இது யாருக்கு?" என்றார்.

"உனக்குத்தான்பா, வேற யாருக்கு?"

அவர் கண் கலங்கியதைக் கான்ட்ராக்டரும் பார்த்திருக்க வேண்டும். கட்டிலின் ஒரு முனையைத் தூக்கி, "பெரியவரே, அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க" என்றார். அப்பா பையை வைத்துவிட்டுப் போய்ப் பிடித்தார். தன் கட்டிலைத் தானே அந்த ரூமுக்குள் கொண்டுபோய்ப் போட்டார். கடைசி வரைக்கும் அந்த ரூமில்தான் இருந்தார்.

இப்போதெல்லாம் யாருக்காவது ஆசையாய் ஏதாவது செய்வதென்றால், அவர்களிடம் முதலில் வாயைத் திறந்து சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அந்தக் கான்ட்ராக்டர் இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால், அப்பா என்னைத் தப்பாக நினைத்துக்கொண்டே, ஆனால் என்மேல் துளிக்கூட வருத்தமில்லாமல், ரயிலேறிப் போயிருப்பார்.