மூணு வயரு

சூடான கிரீசும் பச்சைக் கொழுந்தும் கலந்த ஒரு வாடை, எங்கள் ஆட்கள் "ஸ்டோர்" என்று சொல்லும் தேயிலை பக்டரியின் வாடை, இன்றைக்கும் மூக்கில் ஏறினால் எனக்கு ஒன்பது வயதாகிவிடுகிறது.

அப்பா அங்கே கொழுந்து அரைக்கும் ரோலர்களைப் பார்த்துக்கொண்டார். தேத்தண்ணி கொண்டுபோகிற சாக்கில் நான் கதவோரம் நின்று பார்ப்பேன். கழற்றிப் பூட்டிய மோட்டர் சில நேரம் எதிர்ப்பக்கம் சுற்றும். அப்பா மெயினை நிறுத்தி, மூன்று வயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றுவார், சரியாகிவிடும்.

ஒரு மழைக்காலம், அப்பா காய்ச்சலில் கிடந்தார். டவுனிலிருந்து வந்த மெக்கானிக் பூட்டிய மோட்டர் எதிர்ப்பக்கம் சுற்ற, கொழுந்து குவிய, ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயா "எங்கடா அவன், தூக்கிட்டாவது வாங்கடா" என்று சத்தம் போட்டார். காய்ச்சல் என்று சொல்லவந்த நான் அங்கேயேதான் நின்றேன். ரெண்டு வயரை மாற்றுங்க என்று சொல்ல வெட்கம். பாவாடையைக் கசக்கிக்கொண்டு நின்றேன். கம்பளி போர்த்தி, மழையில் அப்பாவை நடத்திக் கூட்டிவந்தார்கள். இரண்டு நிமிட வேலை. அந்த மழைக்காலம் முழுக்க இருமினார். நான் வாய் திறக்காததை யாரிடமும் சொல்லவில்லை. அஞ்சாம் வகுப்போடு கொழுந்தெடுக்கப் போய்விட்டேன்.

என்னோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்த ராக்கம்மா இப்போது எங்கள் வரிசை வீடுகளுக்கு மேலே, மேட்டிலிருக்கும் மேல் லயத்தில் தனியாக, இடுப்பு உடைந்து வாசலோடு கிடக்கிறாள். அந்த மேடு என் முழங்காலுக்கு ஏறாது. பகல் சோறு அனுப்பவென்று, ஹட்டன் டவுனில் போன் திருத்தும் என் மகள் மலர் ஒரு ரிமோட் பொம்மை லொறி வாங்கிவந்தாள். பாதி மேட்டில் மோட்டர் கருகியது.

"ஏ புள்ள, சோறு வருதா, பொகைதான் வருதா?" என்று மேலேயிருந்து ராக்கம்மா கத்தினாள்.

மலர் விடவில்லை. உள்ளே தேய்கிற கரியே இல்லாத "பிரஷ்லெஸ்" மோட்டர் வேண்டுமென்று தேடினாள். "வேகம் என்னத்துக்கு, இழுவையப் பாரு" என்றேன். சுற்று குறைந்ததாகவே எடுத்தாள். ஸ்குரூ ஓட்டைகளை அளந்து, கன்ட்ரோலரையும் மாற்றி, பல்லுச்சக்கரங்களுக்கு நடுவே காகிதத்துண்டு வைத்து இறுக்கி, பிறகு அதை உருவினாள். இடைவெளி அவ்வளவுதான் வேண்டுமாம். ரிமோட்டில் முன்னால் தள்ளினால் லொறி பின்னால் வந்தது.

"தப்பான சாமான்மா. திருப்பி அனுப்பிடறேன்."

லயமே வேடிக்கை பார்த்தது. மோட்டரிலிருந்து மூன்று வயர். பழையபடி நின்றேன், இப்போது கசக்கியது சேலைத் தலைப்பை. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"பெட்டரிய கழட்டு," என்றேன். "ரெண்டு வயர மாத்திக் குத்து."

"எந்த ரெண்டும்மா?"

"ஏதாச்சும் ரெண்டு."

"பெரியம்மா பேசிட்டாங்க, இன்னைக்கு மழைதான்!" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். மலர் மாற்றினாள். லொறி சோற்றுப்பெட்டியோடு முனகாமல் மேடேறியது.

ஸ்டோருக்கு இப்போது கூரை இல்லை. ரோலர்களைப் பழைய இரும்புக்கு ஏற்றிவிட்டார்கள். நான் வாய் திறந்ததைச் சொல்ல அப்பாவும் இல்லை.

"சோறு வந்துருச்சு! ஊறுகா எங்க?" என்றாள் ராக்கம்மா.

"அடுத்த லோட்டுல வருதுடி!" என்று நான் கத்தியது கீழ் லயம் வரைக்கும் கேட்டதாம்.