மானிஸ் என்னைத் தள்ளவில்லை

குதிரையின் முதுகு சுடும் என்பது அதன்மேல் உட்காரும்வரை எனக்குத் தெரியாது. திரிங்காப் மேட்டில் பனிமூட்டம் விலகாத காலை நேரத்தில், இரண்டு கம்பளிச் சட்டைக்குள்ளும் நடுங்கிக்கொண்டிருந்த என்னைத் தூக்கி அந்தப் பெண்குதிரையின்மேல் வைத்தபோது, முதலில் வந்தது ஈரப் புல்லும் வியர்வையும் கலந்த ஒரு வாடை. அடுத்து, விரிப்பையும் என் காற்சட்டையையும் தாண்டி, வெந்நீர் ஒத்தடம்போல் தொடைகளுக்குள் மெல்ல ஏறிய சூடு. பிறந்ததிலிருந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு விறைத்தே கிடந்த என் கால்கள், அந்தச் சூட்டில் தாமாகவே விலகிக் கொடுத்தன. அப்போது எனக்கு வயது ஆறு.

எங்கள் வீடு ரிங்லெட் ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ‘லயத்தில்’ இருந்தது. அம்மா கத்தரியால் கொழுந்து வெட்டுவார். அப்பா அந்தக் கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகும் ‘லோரி’யை ஓட்டினார். பிறக்கும்போது எனக்கு மூச்சு வரத் தாமதமானதில் கால்களும் இடுப்பும் என் சொல்லைக் கேட்பதில்லை என்று ஆகிவிட்டது. வாய் மட்டும் நன்றாகப் பேசும். நூறு வரை எண்ணுவேன், தமிழ் எழுத்துகள் அத்தனையும் தெரியும், ஆனால் சுவரோ தலையணையோ இல்லாமல் உட்காரவைத்தால் வலது பக்கமாகச் சரிந்து விழுந்துவிடுவேன். சாப்பிடும்போது அம்மா என்னை அறை மூலையில் இரண்டு தலையணைக்கு நடுவே செருகி வைப்பார்.

என் வயதுப் பிள்ளைகள் எல்லாம் அடுத்த ஜனவரியில் முதலாம் வகுப்புக்குப் போகவேண்டியிருந்தது. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான். எங்களிடம் எதையும் மறைக்காமல் சொன்னார்: வகுப்பில் இருப்பது சாய்மானம் இல்லாத பெஞ்சு, ஓர் ஆசிரியை இரண்டு வகுப்பைப் பார்க்கிறார், பிள்ளையைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆள் இல்லை. ஒரு பாடவேளை, அதாவது அரை மணி நேரம், தானாக உட்கார்ந்திருக்க முடிந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். முடியாவிட்டால் மலைக்குக் கீழே தாப்பா ஊரில் என்னைப் போன்ற பிள்ளைகள் தங்கிப் படிக்க ஓர் இல்லம் இருப்பதாகவும் சொன்னார். அப்பா அந்த இல்லத்தின் விண்ணப்பப் ‘பாரத்தை’ வாங்கி வந்து, தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் கொடுத்து நிரப்பி, கையெழுத்து மட்டும் போடாமல் அலமாரியில் வைத்தார். நான் தாப்பாவை ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன், பேருந்தின் ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டு. அம்மா இல்லாமல் அங்கே இருப்பது என்றால் என்ன என்று யாரும் எனக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை.

குதிரையைப் பற்றிச் சொன்னவர் சுமதி மிஸ். மாவட்டத்துக்கு மாற்றலாகி வந்திருந்த உடற்பயிற்சி சிகிச்சையாளர். சனிக்கிழமைகளில் தன் சொந்த நேரத்தில் திரிங்காப்பில் ஏழு பிள்ளைகளைக் குதிரையேற்றி வந்தார். குதிரை நடக்கும்போது அதன்மேல் இருப்பவரின் இடுப்பு, நடக்கிற மனிதரின் இடுப்பைப்போலவே அசையும்; நடக்கவே தெரியாத இடுப்புக்கு அந்த அசைவு பழகினால் முதுகு நிமிரக் கற்றுக்கொள்ளும் என்று அம்மாவிடம் விளக்கினார். பூந்தோட்டங்களுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன லாயம் ஒரு சீனப் பெரியவருடையது. நாங்கள் எல்லாரும் அவரை ‘அங்கிள்’ என்றே கூப்பிட்டோம். சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து களைத்த ஒரு பழுப்புநிறக் குதிரையை அவர் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கியிருந்தார். அதன் பெயர் மானிஸ். மலாயில் ‘இனிப்பு’ என்று பொருள்.

அங்கிள் முன்னால் கயிற்றைப் பிடித்து நடப்பார். வலப்பக்கம் சுமதி மிஸ், இடப்பக்கம் அம்மா. இருவருடைய கையும் என் தொடைமேல் இருக்கும். அம்மாவுக்கு அந்த மிருகத்தைக் கண்டாலே குலை நடுங்கும். அவர் உள்ளங்கை ஈரம் என் காற்சட்டையில் அப்பிக்கொள்ளும். அங்கிள் திரும்பிப் பார்க்காமலே ‘பிலான்-பிலான்’ என்பார். மெதுவாக, மெதுவாக. அது குதிரைக்கா அம்மாவுக்கா என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

ஏற்றுவதற்கு முன்பு ஒவ்வொரு வாரமும் மிஸ் ஓர் ஒத்திகை நடத்துவார். குதிரை மிரண்டால் பிள்ளையை ஒரு பக்கமாகத்தான் இறக்கவேண்டும், இரண்டு பக்கமும் இழுத்தால் ஆபத்து. அதனால் மிஸ் “இப்ப” என்று சொன்னதும் அம்மா என் காலை விட்டுவிட வேண்டும், மிஸ் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். மரச்சட்டத்தின்மேல் என்னை வைத்து மூன்று முறை செய்து பார்ப்பார்கள். மூன்று முறையும் அம்மா சரியாக விட்டார்.

முதல் வாரங்களில் நான் குதிரையின் கழுத்தில் கவிழ்ந்தே கிடந்தேன். ஆகஸ்டில் முன்னாலிருந்த தோல் பிடியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். செப்டம்பரில் ஒரு கையை விட்டேன். வீட்டில் அப்பா இரண்டு பால் டின்களின் மேல் பலகை போட்டுப் பெஞ்சாக்கி, அதில் என்னை உட்காரவைத்து, எதிரே கடிகாரத்தைச் சாய்த்து வைத்தார். நாலு நிமிடம், ஏழு நிமிடம், பன்னிரண்டு. நான் சரியும்போதெல்லாம் அவர் எழுந்து அறையை விட்டுப் போய்விடுவார். அலமாரிப் பக்கம் போகிறாரா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன். அக்டோபர் கடைசியில் பதினெட்டு நிமிடம் வந்தது.

நவம்பரில் காற்று பிடித்தது. அந்தச் சனிக்கிழமை பூந்தோட்டத்துப் பிளாஸ்டிக் கூரைகள் காலையிலிருந்தே படபடத்துக்கொண்டிருந்தன. ஏற்றலாமா வேண்டாமா என்று அங்கிளும் மிஸ்ஸும் பேசியது எனக்குக் கேட்டது. பள்ளி திறக்க இன்னும் ஆறு வாரம்தானே இருக்கிறது மிஸ் என்று அம்மா கெஞ்சினார். இரண்டு சுற்று மட்டும் என்று முடிவாயிற்று.

இரண்டாம் சுற்றின் திருப்பத்தில் ஒரு கூரைத் துண்டு கிழிந்து, ஆள் உயரத்துக்கு எழும்பி எங்களை நோக்கிப் பறந்து வந்தது. மானிஸின் காதுகள் பின்னால் மடங்கின. எனக்கு அடியில் இருந்த முதுகு சட்டென்று கல்லாக இறுகியது. மிஸ் “இப்ப” என்றார். அந்தச் சொல்லை நான் தெளிவாகக் கேட்டேன். வலது பக்கம் என் இடுப்பு இழுபட்டது. ஆனால் இடது கால் போகவில்லை. அம்மாவின் இரண்டு கைகளும் என் கணுக்காலைச் சுற்றி இறுகியிருந்தன. “விடுங்கக்கா, விடுங்க,” என்று மிஸ் சொல்வதும் கேட்டது. குதிரை எங்கள் நடுவிலிருந்து முன்னால் நழுவிப் போயிற்று, நான் தலைகீழாக மண்ணுக்குப் போனேன்.

ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது. வலது காறை எலும்பு முறிந்தது. மானிஸ் பத்தடி தள்ளி, அங்கிள் பிடித்த கயிற்றோடு, அசையாமல் நின்றுகொண்டிருந்ததைப் படுத்தபடியே பார்த்தேன்.

மருத்துவமனைக்கு அப்பா லோரியோடு வந்து சேர்ந்தார். என்ன ஆச்சு என்று அவர் கேட்டதும் அம்மா சொன்னது ஒரே வரி: “குதிரை தூக்கிப் போட்டுருச்சு.” சுமதி மிஸ் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், காற்றில் ஏற்றியது தன் தவறு, பொறுப்பு தன்னுடையது என்றார். அம்மா நடுங்கிக்கொண்டிருந்தார், அந்த நிலையில் அவரைக் காட்டிக்கொடுக்க மிஸ்ஸுக்கு மனம் வரவில்லை என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்குப் புரிந்தது, பெரியவர்கள் இருவரும் ஒன்றை மறைக்கிறார்கள் என்பது மட்டும்தான்.

அன்று மாலையே அப்பா பாரத்தில் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை கிராணியிடம் கொடுக்க நினைத்தவர், லோரி பழுதாகி அதைச் சரிசெய்ய அலைந்ததில் அந்த வாரம் முழுதும் கொடுக்கவில்லை. கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நான் மூலையில் கிடந்தேன். லயத்துப் பெண்கள் வந்து, மிருகத்தை நம்பலாமா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா ஒவ்வொருவரிடமும் அதே வரியைச் சொன்னார். சொல்லச் சொல்ல அதில் குதிரை பெரிதாகிக்கொண்டே போயிற்று. எழும்பியது, உதறியது, மிதிக்க வந்தது. நான் அம்மாவைப் பார்ப்பேன். அவர் என்னைப் பார்க்க மாட்டார்.

எட்டாம் நாள், பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கிலிருந்து ஒரு தாய் போன் செய்தார். அவர் மகனும் சனிக்கிழமைப் பிள்ளைகளில் ஒருவன். ஐந்து வயதாகியும் பேச்சு வராதவன், குதிரையைப் பார்த்து ‘மா’ என்று சொல்லத் தொடங்கியிருந்தான். பிள்ளைகளை ஏற்றுவதை அங்கிள் நிறுத்திவிட்டார், மானிஸை மலைக்குக் கீழே யாருக்கோ விற்கப் போகிறாராம், அது அவ்வளவு பொல்லாத குதிரையா, உங்கள் மகளை வேண்டுமென்றே தள்ளியதா என்று அவர் கேட்டது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. அம்மா என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டார். பிறகு, “ஆமாக்கா, அனுப்பாதீங்க,” என்றார்.

அன்றிரவு அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியில் நின்றிருந்தார். உண்மையைச் சொன்னால் அம்மாவுக்கு என்ன ஆகும், சொல்லாவிட்டால் மானிஸுக்கு என்ன ஆகும், எனக்கு என்ன ஆகும் என்று ஆறு வயதுக்கு எட்டிய அளவுக்கு யோசித்துப் பார்த்துவிட்டேன். பிறகு சொன்னேன்.

“அப்பா, குதிரை என்னைத் தள்ளல. மிஸ் விடச் சொன்னாங்க. அம்மா காலை விடல.”

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, அடுப்படியைப் பார்த்தார். “சரோஜா, நெசமா?”

அம்மா அடுப்பை அணைத்தார். கையைச் சேலையில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். “பிள்ளை விழப்போகுதுன்னு தெரியுது. அந்த நேரத்துல கையை விடுன்னா எப்படிங்க விடுறது?” என்றார். அப்பா திட்டுவார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, “நானா இருந்தாலும் விட்டிருப்பேனான்னு தெரியல,” என்றார்.

மறுநாள் பாரத்தை அலமாரியிலேயே விட்டுவிட்டு, வேலைக்குப் போகாமல் அவர் திரிங்காப்புக்குப் போனார். அங்கிளிடம் என்ன பேசினார் என்று சொல்லவில்லை; விலை பேசி முடியாமல் இருந்த குதிரை விற்கப்படாமலே நின்றது என்று மட்டும் சொன்னார். மிஸ்ஸிடம் அம்மாவே போனில் பேசினார். பிரிஞ்சாங் தாயிடமும் பேசினார். பிந்தியதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது. முழுதும் சொல்லி முடிக்க மூன்று முறை போன் செய்யவேண்டியிருந்தது.

எல்லாம் உடனே நேராகிவிடவில்லை. எலும்பு கூடுவதற்குள் ஜனவரி வந்துவிட்டது. மற்ற பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் போவதை நான் ஜன்னலில் பார்த்தேன். அப்பா தலைமையாசிரியரிடம் சீனப் புத்தாண்டுப் பெருநாள் விடுமுறை வரை தவணை கேட்டார், அவரும் கொடுத்தார். மீண்டும் மானிஸின்மேல் ஏறியபோது இடப்பக்கம் நின்றது அப்பா. அம்மா வேலிக்கு வெளியே முக்காடு போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். விடுமுறை முடிந்த திங்கட்கிழமை, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் என்னை உட்காரவைத்தார்கள். இருபத்திரண்டாம் நிமிடத்தில் உடம்பு வலப்பக்கம் போகத் தொடங்கியது; பெஞ்சின் விளிம்பைப் பிடித்து நிமிர்ந்தேன். தலைமையாசிரியர் அரை மணிவரை காத்திருக்கவில்லை. விழப்போய், தானாகவே நிமிர்ந்த பிள்ளைக்கு இனி நேரம் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லிப் பதிவேட்டில் என் பெயரை எழுதினார்.

இப்போது நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். இரண்டு ஊன்றுகோலோடு நடக்கிறேன், கையால் ஓட்டும்படி மாற்றிய கார் வைத்திருக்கிறேன். சென்ற மாதம் அம்மாவை ஏற்றிக்கொண்டு திரிங்காப் பக்கம் போனபோது லாயம் இருந்த இடத்தைத் தேடினோம். அங்கே மிளகாய்க் கொட்டகைகளும் லோரிகள் திரும்புவதற்கான சிமெண்டுத் தரையும்தான் இருந்தன. அங்கிள் காலமாகி, பிள்ளைகள் நிலத்தை விற்றுவிட்டார்கள். மானிஸ் அதற்கும் முன்பே முதுமையில் போய்விட்டது. சுமதி மிஸ் மாற்றலாகிப் போனபின் இந்த மலையில் பிள்ளைகளைக் குதிரையேற்ற யாரும் வரவில்லை. மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த நேப்பாளத் தொழிலாளியிடம் இங்கே குதிரை இருந்தது தெரியுமா என்று கேட்டேன். அவர் சிரித்தபடி தெரியாது என்று தலையசைத்தார்.

திரும்பும் வழியில் அம்மா, இருபது வருடத்தில் முதல்முறையாக, அந்த நாளைப் பற்றித் தானாகப் பேசினார்.

“நீ அன்னிக்குச் சொல்லாம இருந்திருந்தா, நான் சொல்லியிருக்கவே மாட்டேன் பாப்பா. உன்னை அனுப்பிட்டு, அழுதுக்கிட்டே இருந்திருப்பேன். ஆனா சொல்லியிருக்க மாட்டேன்.”

வளைவு வந்தது. வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.