பதினொரு சங்கிலிகளோடு தனியாகப் போன மங்கம்மா அக்கா

மங்கம்மா அக்கா இறந்துவிட்டார். எங்கள் தீவில், நாண்டி ஊரில், நேற்றுக் காலை. இப்போதுதான் மெசேஜ் பார்த்தேன்.

நான் வேலை பார்த்த நகைக்கடையின் மேனேஜர். தவுவாவில் ஒரே மேசையோடு முதலாளி தொடங்கியபோது அக்காதான் முதல் ஆள். பிறகு பா, லௌடோக்கா, நாண்டி, சுவா... ஒவ்வொரு கிளையையும் முதல் நாள் திறந்தது அக்காவின் கைதான்.

2000. தலைநகர் சுவாவில் கலகக்காரர்கள் துப்பாக்கியோடு பாராளுமன்றத்துக்குள் புகுந்த வாரம். எனக்குப் பத்தொன்பது வயது.

மதியம் நாங்கள் இருந்த நாண்டி கடைக்குப் போன் வந்தது. இந்தியர் கடைகளைச் சூறையாடியவர்கள் சுவா கிளையின் கண்ணாடியையும் உடைத்துவிட்டார்கள். உள்ளே ஒன்றும் மிச்சமில்லை.

அக்கா ஷட்டரை இறக்கினார். "பெட்டியில வெச்சா, பெட்டிய ஒடச்சி மொத்தமா தூக்கிருவாங்க. ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்குங்க. மேல துணிய நல்லா இழுத்து விடுங்க."

எனக்குப் பதினொரு சங்கிலிகள். மூச்சு விட்டால் ஒன்றோடொன்று உரசும். அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்கிறது என்று நினைத்தேன்.

அக்கா வீடு வோட்டுவாலேவுவில். என் வீடு அதைத் தாண்டி, சபேட்டோவில். பஸ்ஸில் தன் ஸ்டாப் வந்தும் அக்கா இறங்கவில்லை.

"நீ தனியா போவாத."

சபேட்டோ பாலத்தில் சாலைக்குக் குறுக்கே மரம். ஐந்தாறு இளைஞர்கள். கையில் கரும்பு வெட்டும் கத்தியோடு ஒருவன் பஸ்ஸில் ஏறினான். வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்து அக்காவிடம் நின்றான்.

"தீதி, என் மோதிரம் ரெடியா?" அக்கா என்று ஹிந்தியில் கூப்பிட்டான்.

"ரெடி. நாளைக்கு வா. கடை தொறந்திருக்கும்."

தலையாட்டினான். இறங்கினான். மரத்தை இழுத்து வழிவிட்டார்கள்.

"ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"அடுத்த வாரம் அவனுக்குக் கல்யாணம்டி. அவனுக்கும் பயம் இருக்கும்ல."

அவன் கொள்ளையடிக்க ஏறினானா, ஊருக்குக் காவல் நின்றானா... எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. யாருமே போகவில்லை. அக்கா மட்டும் போய்ப் பாதி ஷட்டரைத் தூக்கிவைத்து, மோதிரத்தைக் கொடுத்திருக்கிறார்.

பிறகு நகைகளைத் திரும்ப வாங்க வீடு வீடாக. என் வீட்டுக்கு வந்தபோது மாலை நான்கு மணி இருக்கும். நான் சங்கிலிகளைக் கழற்றவே இல்லை.

"போட்டுக்கிட்டேவா தூங்கின? மகாராணி!"

சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். சேலையை இழுத்து மூடினார்.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் வாயேன்."

"தல வலிக்குதுக்கா."

என்னைப் பார்த்தார்.

"சரி. படு."

கரும்புக்கு நடுவே அந்தப் பாதை பத்து நிமிடம். ஜன்னலில் நின்று பார்த்தேன். தலை வலிக்கவில்லை.

ஒரு சங்கிலிகூடத் தொலையவில்லை. அக்கா அந்தத் தலைவலியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஏழு மாதத்தில் ஆக்லாந்து வந்துவிட்டேன்.

முதலாளியும் சிட்னி போனார். அங்கே இரண்டு கடை, இங்கே ஒன்று. நாங்கள் எங்கெல்லாம் ஓடினோமோ அங்கெல்லாம் கிளை வந்தது. அக்காவைக் கூப்பிட்டார்கள். வரவில்லை.

இங்கே அந்தக் கடையின் வாசல் வருமுன் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவேன்.

2006-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது போன் செய்தேன். "இங்க ஒண்ணும் இல்லடி. நீ சாப்ட்டியா?" அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஊருக்குப் போகவே இல்லை. டிக்கெட் பார்ப்பேன், மூடிவிடுவேன். ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம்.

இன்று எடுத்துவிட்டேன். நாளைக் காலை விமானம். தகனம் மதியம் இரண்டு மணிக்கு.

பெண்கள் வீட்டோடு நின்றுகொள்ள வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும்.

பயமாகத்தான் இருக்கிறது, அக்கா. சுடுகாடு வரைக்கும் கூட வருகிறேன்.