ஆவடி வீட்டில் ஓடாத கல்யாண டிஸ்க்

ஒரு வீட்டில் ஓடுகிற டிஸ்க் அடுத்த வீட்டில் ஓடாது. டிவிடி பிளேயர் இல்லாத வீடே இல்லாமல் இருந்த அந்த நாட்களில், என் பிழைப்பு இந்த ஒரு விஷயத்தில் மாட்டிக்கொண்டு திண்டாடியது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை, பூந்தமல்லியில் பரோட்டா கடை, தண்ணி கேன் வண்டி என்று சுற்றிவிட்டு, கொரட்டூரில் ஒரு வீடியோ ஸ்டூடியோவில் ஒதுங்கியிருந்தேன். லைட் பிடிக்கச் சேர்ந்தவனை, எடிட்டிங் ஆள் நின்றுபோனதால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார் ஓனர். படுக்கையும் அந்த மேசைக்கு அடியில்தான். கம்ப்யூட்டருக்காகப் போட்ட ஏசி எனக்கும் சேர்த்துக் குளிர்ந்தது. டிஸ்க்கைத் தவிர வேறு குறை இல்லை.

ரோட்டோரத்தில் வாங்கின பெயர் தெரியாத பிளேயர் எதைப் போட்டாலும் விழுங்கும். பெரிய கம்பெனி பிளேயர் மாப்பிள்ளை முறுக்கு காட்டும். ஒன்றில் படம் வரும், சத்தம் வராது. இன்னொன்றில் சரியாகத் தாலி கட்டுகிற இடத்தில் படம் உறைந்து நிற்கும். கம்ப்யூட்டரிலிருந்து டிஸ்க்கில் படத்தை வேகமாக எழுதினால் பழைய பிளேயர் படிக்காது என்று மெதுவாக எழுதுவேன். மெதுவாக எழுதினால் கரண்ட் போகும். திரும்ப முதலிலிருந்து. ஓடவில்லை என்று வருகிறவர்கள் யாரும் பிளேயரைத் திட்டுவதில்லை. என்னைத்தான் திட்டுவார்கள்.

அப்படி ஒரு கல்யாணம். பெண் மாங்காடு, மாப்பிள்ளை ஆவடி. பெண்ணுக்கு அப்பா இல்லை. அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்துச் சம்பாதித்து நடத்திய கல்யாணம் அது. பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று டிஸ்க் கொடுத்தோம். மாங்காட்டில் ஓடியது. ஆவடியில் ஓடவில்லை.

இதில் என்ன இருக்கிறது, இன்னொன்று எழுதிக் கொடுத்தால் போகிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் கல்யாணப் பெண்ணே ஸ்டூடியோவுக்குப் போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“அண்ணே, எங்கம்மா மேடையில இவரோட அத்தைக்குப் பொடவை வச்சுக் குடுத்தாங்க இல்ல, அது வீடியோல கீதா?”

சிஸ்டத்தில் தேடிப் பார்த்தேன். இருந்தது. தாம்பாளத்தோடு புடவையை அந்த அத்தை இரண்டு கையாலும் வாங்குவது தெளிவாகவே இருந்தது.

“கீதும்மா. இன்னாத்துக்குக் கேக்கற?”

“குடுக்கவே இல்லன்னு அந்த அத்தையே சொல்றாங்க. மருவாத தெரியாத குடும்பம்னு இங்க எல்லாரும் எங்கம்மாவ ஏசறாங்க. இப்ப டிஸ்க்கும் ஓடலையா, அது தெரிஞ்சிடும்னுதான் ஓடாத டிஸ்க்கா குட்த்து அனுப்பிக்கீறாங்கன்னு பேசறாங்க. எப்படியாச்சும் ஓட வைங்கண்ணே.”

வேறு கம்பெனி டிஸ்க் வாங்கி, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக எழுதி, ஸ்டூடியோவிலும் பக்கத்து சலூனிலும் போட்டுப் பார்த்துவிட்டு ரயிலேறினேன். ஆவடியில் பெண்ணின் மாமியார் வாங்கிக்கொண்டார். நானே போட்டுக் காட்டுகிறேன் என்றேன்.

“இப்ப ராவு காலம் தம்பி. நாங்க அப்பால போட்டுக்கறோம், நீ போ.”

பழைய டிஸ்க்கையாவது கொடுங்கள், என்ன கோளாறு என்று பார்க்கிறேன் என்றேன். “அது சாமி ரூம்ல கீது. அதப் போயி எட்த்துக் குட்ப்பாங்களா?” என்றார். கல்யாண டிஸ்க்கை சாமி ரூமில் வைக்கிற வீடுகள் உண்டு. நான் மேலே கேட்கவில்லை. அன்று சாயங்காலமே போன் வந்தது. ஓடவில்லை.

“சினிமா எல்லாம் ஓடுதே, உன்து மட்டும் இன்னாத்துக்கு ஓடல?” என்றார் மாமியார். நியாயமான கேள்விதான். பதில் தெரியாமல் எனக்குத்தான் பைத்தியம் பிடித்தது. ஓனர் வேறு, “ஒரு டிஸ்க் எழுதத் தெரியல, நீயெல்லாம் எடிட்டரு” என்று வருகிறவர் போகிறவர் முன்னால் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வருகிறார்கள், அத்தையும் வருகிறார் என்று பெண் மறுபடி சொன்னாள். எதையும் நம்ப முடியாத நிலையில் இரண்டு காப்பி எழுதி எடுத்துக்கொண்டு போனேன். ராகு காலம் எப்போது என்று காலண்டரைப் பார்த்துவிட்டே கிளம்பினேன்.

கூடம் நிறைய ஆட்கள். தட்டுகளில் மிக்சர். அத்தை நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டிஸ்க்கை எடுத்து பிளேயரிடம் போனேன். மாமியார் குறுக்கே கை நீட்டினார்.

“இரு, இப்டி குடு.”

சாமி ரூமுக்குள் போய்த் திரும்பி வந்தார். டிஸ்க்கின் பளபளப்பான பக்கத்தில், நடு ஓட்டையைச் சுற்றி நான்கு சந்தனப் பொட்டு. ஒவ்வொன்றின் மேலும் குங்குமம். ஈரம்கூடக் காயவில்லை. பிளேயர் முதலில் படிக்கிற இடமே அதுதான்.

“அம்மா, இன்னா பண்ணிக்கீறீங்க!”

“இன்னாவா? நல்ல காரியத்துக்கு வந்த சாமான், பொட்டு வைக்காம போடுவாங்களா?”

“சினிமா டிஸ்க்குக்கு வைக்கிறீங்களா?”

“சினிமா இன்னா நம்மூட்டுக் கல்யாணமா?”

சட்டை நுனியால் துடைக்கப் போனேன். கூடமே கத்தியது. புதுப்பெண் இருக்கிற வீட்டில், அவள் கல்யாண டிஸ்க்கில் வைத்த பொட்டை அழிப்பதா? மாப்பிள்ளை டிவி பக்கம் நகர்ந்து ரிமோட்டை எடுத்துக்கொண்டார். இதுவரை பொட்டோடு டிஸ்க்கை பிளேயருக்குள் தள்ளியவர் அவர்தான். எனக்கு அழுகை வராததுதான் பாக்கி.

பையிலிருந்து இன்னொரு காப்பியை எடுத்தேன். மேல் பக்கத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து நிற்கிற படம் அச்சடித்திருந்தது.

“அத சாமிகிட்ட வைங்க. இதுல பொட்டு வைங்க. ஆனா இந்தப் பக்கம். நெத்தி இங்கதான கீது?”

மாமியார் படத்தை உற்றுப் பார்த்தார். “ஆமா, அதுவும் செரிதான்” என்று இரண்டு நெற்றியிலும் ஒவ்வொரு பொட்டு வைத்துக் கொடுத்தார்.

ஓடியது. நான் சுவரோரம் நின்றுகொண்டேன். மண்டபம், நாதஸ்வரம், முகூர்த்தம். அவரவர் முகம் வரும்போது அவரவர் சிரித்தார்கள். பிறகு மேடையில் பெண்ணின் அம்மா வந்தார். தாம்பாளத்தை நீட்டினார். அத்தை இரண்டு கையாலும் வாங்கி, புடவையைத் தடவிப் பார்த்து, பல் தெரியச் சிரித்தார்.

மிக்சர் தட்டோடு எல்லோரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இன்னாடா இது,” என்றார் அத்தை என் பக்கம் திரும்பி, “என்னிய இவ்ளோ குண்டா எட்த்து வச்சிக்கீற? கேமராவப் புடிக்கத் தெரியாதவன எல்லாம் அனுப்பிக்கீறாங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். அதுவரை எழுதிய டிஸ்க்குகள், ஏறிய ரயில்கள், வாங்கிய திட்டுகள், எல்லாவற்றுக்கும் கடைசியில் இதுவும் என் தலையில்தான். கேமரா பிடித்தது நானில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் சமையலறை வாசலில் நின்றிருந்த பெண் உள்ளே வந்து, புருஷன் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினாள்.

“அப்டியா பெரியம்மா? இருங்க, நான் சரியா பாக்கல” என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் படத்தைப் பின்னால் ஓட்டினாள். தாம்பாளம் மறுபடி நீண்டது. அவள் அம்மா முகமும் அத்தையின் இரண்டு கைகளும் ஒன்றாகத் தெரிகிற இடத்தில் நிறுத்திவிட்டு, ரிமோட்டைத் திருப்பிக் கொடுக்காமலே எல்லோருக்கும் காப்பி போடச் சமையலறைக்குப் போனாள்.