நல்லம்மாளின் மாடும் நூற்று இருபத்து நான்கு சீட்டும்

பிரிக்பீல்ட்ஸில் பால்காரி நல்லம்மாளைப் போலச் சந்தேகம் பிடித்த ஒருத்தியை நான் பார்த்ததில்லை. மழை பெய்தால்கூட, மேலே இருந்து ஊற்றுவது யார் என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் நனைவாள். அதில் அவள் குற்றம் பாதிதான். ஊரே அவளைச் சந்தேகப்பட்டது. பாலில் தண்ணீர் கலந்துவிடுவாள் என்று ஒருவரும் கறந்த பாலை வாங்கமாட்டார்கள். அதனால் அவள் தன் மாடு சின்னராணியை வீடு வீடாக ஓட்டிக்கொண்டு வருவாள். வாசலில் நின்று பித்தளைச் செம்பைத் தலைகீழாகக் கவிழ்த்து, "பாத்துக்கங்க, ஒரு சொட்டு இல்ல" என்று காட்டுவாள். பிறகுதான் கறப்பாள். சின்னராணி தண்டவாளத்தின் மேல் நின்றால் கிள்ளான் போகும் ரயிலே நின்றுவிடும். எத்தனை நாள் நின்றது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆகவே சொல்லவில்லை.

முப்பத்து நான்காம் வருஷம் அவள் பிழைப்புக்கு வந்தது வினை. ரயில்வே லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த அவளுடைய மாட்டுக் கொட்டகையால் ஈ மொய்க்கிறது, நாறுகிறது என்று சிலர் மனுப் போட்டார்கள். வந்து பார்த்த அதிகாரி, குடியிருப்பவர்களே சீட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுப்புக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஒரு சீட்டு. நல்லம்மாளுடையதையும் சேர்த்து நூற்று இருபத்து நான்கு அடுப்பு. கொட்டகை இருக்கட்டும் என்பவர் வட்டம் போடவேண்டும். போகட்டும் என்பவர் பெருக்கல் குறி. இரண்டும் சமமாக வந்தால் கொட்டகை இருக்கும்.

நடத்தி வைக்கும் பொறுப்பு சண்முகரத்தினத்துக்கு. ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர், சட்டையில் கஞ்சி மடிப்புக் கலையாதவர். ஞாயிற்றுக்கிழமை காலை வாசகசாலையில் மூடியில் துளை வெட்டிய பிஸ்கட் டின்னையும் ஒரு மணியையும் மேசைமேல் வைத்து, மணி அடித்த பிறகு வரும் சீட்டு செல்லாது என்று விதியை உரக்க வாசித்துவிட்டு உட்கார்ந்தார். முதல் ஆளாக வந்து நின்றாள் நல்லம்மாள்.

"கிராணி ஐயா, அதக் கொஞ்சம் கவுத்துக் காட்டுங்க."

"என்ன, என்னை நம்பேல்லையோ நீ?"

"எட்டு வருசமா ஒங்க வாசல்ல செம்பக் கவுக்குறேன். ஒரு நாளாச்சும் வேணாம்னு சொன்னீங்களா?"

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சண்முகரத்தினம் காது சிவக்க மூடியைத் திறந்து டின்னைக் கவிழ்த்தார். இரண்டு பிஸ்கட் துகள் விழுந்தன, வேறொன்றும் இல்லை. நல்லம்மாள் உள்ளே விரலை விட்டும் தடவிப் பார்த்தாள். பிறகு சீட்டை வாங்கிக்கொண்டு, குறி போடக் கட்டியிருந்த திரைக்குப் பின்னால் போனாள், வந்தாள், டின் அருகே குனிந்தாள், நிமிர்ந்தாள். வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, சீட்டுப் போட வந்தவர்கள் முகத்தையெல்லாம் வட்டமா பெருக்கலா என்று துருவினாள்.

"ஒனக்குத்தான் போட்டேன் நல்லம்மா" என்றான் பட்டறைக்காரன் தம்புசாமி.

"கேக்காமலே சொல்றியே, அதான் சந்தேகமா இருக்கு" என்றாள்.

மணி அடித்ததும் டின்னைத் திறந்தார்கள். எல்லார் கண்முன்னும் ஒவ்வொரு சீட்டாக விரித்து வைத்தார் சண்முகரத்தினம். பெருக்கல் அறுபத்திரண்டு. வட்டம் அறுபத்தொன்று. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி எண்ணினார்.

"ஒரு சீட்டுக் குறையுது" என்றார்.

நல்லம்மாள் துள்ளி எழுந்தாள். "பாத்தீங்களா! முழுங்கிட்டாரு! கால்ச்சட்டைப் பையக் காட்டுங்க கிராணி ஐயா!"

பாவம், மனிதர் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினார். ஒன்றில் கைக்குட்டை, ஒன்றில் மூக்குப்பொடி. அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் நல்லம்மாளின் முந்தானையைப் பிடித்தாள்.

"அக்கா, இந்த முடிச்சுல என்னா?"

நல்லம்மாள் முடிச்சைப் பொத்தினாள். பவுனம்மாள் அவிழ்த்துவிட்டாள். உள்ளே எட்டாக மடித்த சீட்டு. அதில் அழுத்தி வரைந்த பெரிய வட்டம்.

"ஏன்க்கா போடல?"

"டப்பாவுக்குள்ள போட்டுட்டா எந்தக் கை எடுக்கும்னு யாருக்குத் தெரியும்? எண்ணுறப்ப என் கையால குடுக்கலாம்னு வச்சிருந்தேன். முன்னாடியே கறந்து வச்ச பால நீ வாங்குவியா?"

அந்த ஒரு வட்டம் சேர்ந்தால் சமம், கொட்டகை பிழைத்துவிடும். அவள் சீட்டை நீட்டினாள். சண்முகரத்தினம் அதைப் பார்த்தார், மணியைப் பார்த்தார்.

"மணிக்குப் பிறகு வாறது செல்லாது எண்டு நானே வாசிச்சனான். இப்ப நான் எடுத்தால், நாளைக்கு நீயே என்னை நம்பமாட்டாய்."

நல்லம்மாள் சீட்டை மறுபடி எட்டாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பத்து நாளில் கொட்டகையைப் பிரித்து, பங்சார் ரப்பர் தோட்டத்து ஓரம் கொண்டுபோய்ப் போட்டாள். கொட்டகைதான் போகவேண்டும் என்று சீட்டில் இருந்தது. மாடு வரக்கூடாது என்று இல்லையே. ஒன்றரை மைல் நடந்து, விடிந்ததும் அதே வாசல்களில் வந்து நின்றாள். செம்பைக் கவிழ்ப்பாள், காட்டுவாள். ஆனால் இப்போது மடியில் கை வைக்குமுன் நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்பாள்: "நீங்க எந்தப் பக்கம் போட்டீங்க?"

பால் வாங்கிய வீடெல்லாம் ஒரே பதில்தான் சொன்னது: "ஒனக்குத்தான்."

"அப்ப அந்த அறுவத்திரெண்டையும் என் சின்னராணிதான் போட்டிருக்கும்" என்று சொல்லிக் கறப்பாள். சண்முகரத்தினத்தின் வாசலில் மட்டும் அவள் அதைக் கேட்டதே இல்லை. அங்கே செம்பை இரண்டு தடவை கவிழ்த்துக் காட்டுவாள், ஒன்று பாலுக்கு, ஒன்று அவர் இழுத்துக் காட்டிய பைகளுக்கு.