லட்டுவும் பக்கத்து மேஜைக்காரரும்

போன வருஷம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் நடந்தது இது. எனக்குத் தாராவியில் தோல் பைக் கடை. இந்த வியாபாரத்தில் இருப்பவனுக்கு எதைப் பார்த்தாலும் அசலா, டூப்ளிகேட்டா என்றுதான் முதலில் தோன்றும். ஆட்களைப் பார்த்தாலும் அப்படித்தான். மாடல் பை ஒன்றை எடுத்துப்போய் பார்ட்டியிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று யாராவது கேட்டால், வாட்சையோ ஸ்கூட்டர் சாவியையோ என்னிடம் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். எங்கள் கடை வழக்கம் அது.

அந்த வருஷம் என் மகளுக்குக் காலில் எலும்பு முறிந்து மாவுக்கட்டு. பள்ளிக்கூடம் இல்லை, விளையாட்டு இல்லை. படுத்த இடத்திலேயே அழுதுகொண்டிருந்தாள். நான் சின்ன வயதில் கையடக்கக் கருவியில் ஆடிய ஒரு வீடியோ கேமை, படங்களையெல்லாம் மெருகேற்றி அப்போது மறுபடி வெளியிட்டிருந்தார்கள். விநோதமான பிராணிகளைப் பிடித்து வளர்க்கும் ஆட்டம். அசல்தானா என்று கடைக்காரர் எரிச்சலாகும்வரை கேட்டுவிட்டு வாங்கிக் கொடுத்தேன். அதில் ஒரு முட்டையைப் பொரிக்கவைத்து, வெளியே வந்த உருண்டைப் பிராணிக்கு லட்டு என்று பெயர் வைத்து வளர்த்தாள். கட்டு பிரிக்கும்வரை அவளுக்கு லட்டுதான் துணை.

லட்டு அடுத்த உருவத்துக்கு மாறுவதற்கு ஒரே வழிதான் உண்டு. அதே ஆட்டம் வைத்திருக்கும் இன்னொருவரின் கருவிக்கு அதை மாற்றிக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு அவர் தன்னுடைய பிராணி ஒன்றைத் தருவார். அங்கே போனதும் லட்டு உருமாறும். பிறகு மறுபடி மாற்றித் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். வாங்கியவர் அப்படியே எழுந்து போய்விட்டால் போனது போனதுதான்.

எங்களுக்குத் தெரிந்த யாரிடமும் அந்த ஆட்டம் இல்லை. இணையத்தில் ஒரு குழுவில் எழுதிப் போட்டதற்கு, மாட்டுங்காவிலிருந்து ஒருவர் பதில் அனுப்பினார். தான் ஒரு ஆன்ட்டி என்றும், ஞாயிறு காலை ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலுக்கு வந்தால் மாற்றித் தருவதாகவும் எழுதியிருந்தார். ஆன்ட்டியாவது, இந்த ஆட்டம் ஆடுவதாவது! எவனோ பெண் பெயரில் எழுதுகிறான் என்று முடிவு கட்டித்தான் மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வந்தவர் நிஜமாகவே அறுபதை ஒட்டிய ஒரு அம்மாள். தலையில் பூ. துணிப்பைக்குள்ளிருந்து கோயில் பிரசாதத்தையும் அந்தக் கருவியையும் சேர்த்தே எடுத்தார். ஆபீஸ் போன காலத்தில் டிரெயினில் எல்லோரும் பேப்பர் படிக்கும்போது தான் இதன் பழைய ஆட்டத்தைத்தான் ஆடுவேன் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து மேஜையில் ஒருவர் உப்புமாவைப் பருக்கை பருக்கையாகத் தின்றுகொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யார், எதற்குப் பார்க்கிறார்? நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வாசலும் அந்த ஆளும் கண்ணில் படும்படி உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டு கருவிகளையும் இணைத்தோம். லட்டுவுக்குப் பதிலாக அந்த அம்மாள் அனுப்பத் தேர்ந்தெடுத்ததைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆட்டம் தொடங்கும்போது ஒரே ஒரு தடவை கையில் கொடுப்பார்களே, அந்த முதல் பிராணி. நூறாவது நிலைவரை வளர்த்திருந்தார். பத்து நிமிஷக் கைமாற்றுக்கு இதை யாராவது தருவார்களா? சந்தேகமே இல்லை, இது ஏதோ சாஃப்ட்வேரில் செய்த டூப்ளிகேட். உள்ளே வந்து மகளின் ஆட்டத்தையே கெடுக்கப் போகிறது என்று நினைத்தேன். "ஏளா, கொஞ்சம் பொறு" என்று நான் சொல்வதற்குள் மகள் பட்டனை அழுத்திவிட்டாள்.

லட்டு அந்தப் பக்கம் போய், மினுங்கி, பெரிதாகி உருமாறியது. மகள் கைதட்டினாள். அடுத்த நொடி அந்த அம்மாளின் திரை கறுத்துவிட்டது.

"அடடா, சார்ஜ் போயிடுத்தே" என்றார். "சார்ஜர் ஆத்துல இருக்கு. ரெண்டு தெரு தள்ளித்தான். வரேளா?"

இதைத்தானே எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்! மகளின் முகம் வாடிவிட்டது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அதுவரைக்கும் உங்க போனை எங்கிட்ட குடுங்க மேடம்" என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக் கொடுத்தார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மகளின் கையைப் பிடித்தபடி அவர் பின்னால் நடந்தேன்.

தெருமுனையில் திரும்பிப் பார்த்தால், உப்புமாக்காரர் வந்துகொண்டிருக்கிறார். நாங்கள் நின்றால் அவரும் நிற்கிறார். கட்டு பிரித்த காலோடு மகளால் இன்னும் வேகமாக நடக்க முடியாது. ஓட்டமும் எடுக்க முடியாது. அந்த அம்மாள் ஒரு பழைய கட்டடத்துக்குள் நுழைந்து படியேறினார். அந்த ஆளும் பின்னாலேயே படியில் கால் வைத்தார். மகளை என் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு வழியை மறித்தேன்.

"யாரு நீங்க? எதுக்கு எங்க பின்னாலயே வாரீய?"

அவர் மிரண்டுபோனார். "நான்... எங்காத்துக்குத்தான் சார் போறேன்."

மேலே இருந்து அந்த அம்மாள் தலையைப் பிடித்துக்கொண்டார். "அவர் எங்காத்துக்காரர். நான்தான் துணைக்கு வரச் சொன்னேன். முன்னப்பின்ன தெரியாத ஒருத்தரைப் பார்க்கத் தனியா வருவேனா? தெரியாத மாதிரி உக்காருங்கோன்னேன். அதைக்கூட ஒழுங்காப் பண்ணத் தெரியலை இவருக்கு!"

மகள்தான் முதலில் சிரித்தாள். உப்புமாக்காரர் என்னைத் தாண்டிப் போகக் கூச்சப்பட்டு, நான் விலகிய பிறகும் சுவரோடு ஒட்டிக்கொண்டே ஏறினார்.

சார்ஜ் ஏறியதும் லட்டு பத்திரமாக எங்களிடம் வந்தது. அந்த அம்மாளின் பிராணி அவரிடம் போனது. போனைத் திருப்பிக் கொடுக்கும்போது கை கூசியது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "எங்க மேல அவ்வளவு சந்தேகம் இருந்தும் எதுக்கு உங்களுடைய நல்லதை அனுப்புனீங்க? ஒண்ணுத்துக்கும் ஆவாத ஒண்ணை அனுப்பியிருக்கலாம்லா?"

"நீங்க வாசலையே பார்த்துண்டிருந்தேள். குழந்தை உங்க மூஞ்சியையே பார்த்துண்டிருந்தா. ஏதோ ஒரு குப்பையை அனுப்பினா, நான் ஓடிடுவேனோன்னு நீங்க தவிச்சுண்டே இருப்பேள். என்னோடது உங்க கைல இருந்தா தைரியமா இருப்பேளேன்னு நெனச்சேன்" என்றார். பிறகு சின்னக் குரலில், "எனக்கும் பட்டனை அழுத்தறச்சே பயமாத்தான் இருந்தது. அது போனா திரும்பக் கிடைக்காது" என்றார்.

கடையில் தினம் தினம் அடமானம் வாங்கிப் பழகியவன் நான். நான் கேட்காமலே ஒருவர் தன் உயர்ந்த பொருளை அடமானமாக வைத்தபோது, அது எனக்கு அடமானம் என்றே புரியவில்லை. டூப்ளிகேட் என்று பட்டது. போதாக்குறைக்குப் போனையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அந்தத் தெருவில் நடந்தபோது அவருடைய இரண்டு பொருள்கள் என்னிடம் இருந்தன. நான் நினைத்திருந்தால் மகளைத் தூக்கிக்கொண்டு டாக்சி பிடித்திருக்கலாம். அப்படியும் பறிகொடுத்தவன் மாதிரி நடந்தது நான்தான். வெட்கமாக இருந்தது, வேறென்ன சொல்ல?

"அடுத்த தடவை நேரா ஆத்துக்கே வா" என்று மகளின் கையில் பிரசாதத்தைக் கொடுத்தார் அந்த அம்மாள். அவள் இப்போதும் அவ்வப்போது போய் வருகிறாள். சந்தேகப்படுவதை நான் விட்டுவிட்டேன் என்று சொன்னால் அது பொய். வியாபாரத்துக்கு அது வேண்டியிருக்கிறது. ஆனால் அன்று எனக்கு இருந்த அதே சந்தேகமும் அதே பயமும் அந்த அம்மாளுக்கும் இருந்தன. அவற்றோடேயே, தன்னிடம் இருந்ததிலேயே நல்லதை அவர் முன்பின் தெரியாத எனக்கு அனுப்பினார். அந்தத் துணிச்சல் எனக்கு என்றைக்காவது வருமா என்று இன்னும் என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.