உடு என்ற வார்த்தை

எனக்கு செங்கம் ரோட்டில் சைக்கிள் கடை. படித்தது ஐந்தாவது. டவுன் டீமில், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற பேக் ஆடியவன். எழுபதுகளின் கடைசியில் ஊரில் பெண்கள் ஃபுட்பால் டீம் ஆரம்பித்தபோது கோச்சிங் என்னிடம் வந்தது. வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

கோல்கீப்பர் ஷகீலா. நல்ல கை. பந்து ஒட்டிக்கொள்ளும். அவள் அப்பா ரஹீம் பாய்க்கு பஜாரில் லுங்கிக் கடை. மகள் கிரவுண்டுக்குப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. கடையில் போய் நின்றேன்.

"மாஸ்டர், ஊர்ல பேச்சு ஜாஸ்தியா இருக்கு. ஒரு மேட்ச் நானே வந்து பாக்கறேன். அப்பறம் சொல்றேன், அவ ஆடணுமா நிக்கணுமான்னு."

"வாங்க பாய்" என்றேன். வேறு என்ன சொல்ல.

அந்த மேட்ச் வேலூர் டீமோடு. அன்று காலையில் எங்கள் பேக் பெண்ணுக்குக் கால் பிசகிவிட்டது. ஆள் கம்மி. ஃபார்வர்டு ஆடும் மங்கையைப் பின்னால் இறக்கினேன். கீழ்பென்னாத்தூர்ப் பெண். வேகமான கால்.

வெகுநேரம் கோல் இல்லை. முடியப் போகிற நேரத்தில் அவர்கள் ஓரத்திலிருந்து பந்தை உயரமாகத் தூக்கிப் போட்டார்கள். மங்கை எங்கள் கோலைப் பார்த்து ஓடி வந்தாள். ஷகீலா முன்னால் வந்து கத்தினாள். "உடு!"

நீ விட்டுவிடு, நான் பிடிக்கிறேன் என்று அர்த்தம். பேக் ஆடுகிறவர்களுக்கு அது தெரியும். ஃபார்வர்டுக்கு உடு என்றால் வேறு. கோலுக்கு ஒன்று உடு, அதாவது ஓங்கி அடி. மங்கை உட்டாள். ஷகீலாவைத் தாண்டி எங்கள் வலையிலேயே விழுந்தது.

வேடிக்கை பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா.

"ஏம்மா, நீ எந்த ஊரு டீமு?"

"வேலூர் பஸ்லயே ஏறிக்க, எடம் குடுப்பாங்க."

தோற்றோம். மங்கை தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரஹீம் பாய் மரத்தடியிலிருந்து எங்களை நோக்கி நடந்து வந்தார். கீப்பர் போனாள் என்றுதான் நினைத்தேன்.

மங்கை எழுந்தாள். "பாய், ஷகீலாக்கா மேல தப்பில்லீங்க. அவங்க உடுன்னாங்க. நான் உட்டுட்டேன்."

பாய் மகளைப் பார்த்தார். "நீ ஏன் உடுன்ன?"

"உட்டுடுன்னு சொல்லத்தான்பா."

"அவ அடிக்கச் சொல்றேன்னு நெனச்சிட்டா?"

"ஆமாங்க பாய்" என்றாள் மங்கை.

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு மகளிடம் கேட்டார். "வீட்ல தங்கச்சி உன் சீப்ப எடுத்தா என்னன்னு கத்துவ?"

"சோடோன்னு."

"அதயே கத்து. அதுக்கு விட்டுடுன்னு ஒரே அர்த்தம்தான்." என்னிடம் திரும்பினார். "அடுத்த மேட்ச் எப்ப மாஸ்டர்?"

அதன்பிறகு எங்கள் டீமில் அடிக்க உடு, விட சோடோ. உருது தெரியாத பெண்களும் சோடோ என்றே கத்தினார்கள். கல்யாணம் ஆகும்வரை ஷகீலா ஆடினாள். கடையைச் சாத்திவிட்டு பாய் வந்து நிற்பார். அவருக்கு நான் நன்றி சொன்னதில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

கோச்சிங்குக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று. கத்துகிற வார்த்தையை முதலில் சரிபண்ணுங்கள். பந்து அப்புறம்.

மங்கை பி.டி. டீச்சர் ஆனாள். ஒருநாள் அவள் பள்ளிக்கூட கிரவுண்டுக்குப் போயிருந்தேன். சின்னப் பெண் ஒருத்தி சோடோ என்று கத்தினாள்.

"அது என்ன பாஷைம்மா?" என்று அந்தப் பெண்ணிடமே கேட்டேன்.

"ஃபுட்பால் பாஷை சார்" என்றாள்.